மறைப்பதா? உரைப்பதா?

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலே உள்ள மங்களூர் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து விருத்தாசலம் நோக்கி வரும் காலைப் பேருந்து ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். கையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். ஒருத்தி பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். மற்றொருத்தி துணிக்கடையில் விற்பனையாளர். இன்னொருத்தி தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. வண்ணம் தீட்டுகிறவளின் முகம் அன்று வெளுத்துப் போயிருக்கிறது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்திலிருப்பவள் கேட்கிறாள்.

"ஒன்றுமில்லை அக்கா, பித்தம்" என்று விடை வருகிறது.

அது பித்தமன்று என்பது கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். எனினும், இருவரும் அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நம் நாட்டிலே தலைமுறை தலைமுறையாக வந்த நாகரிகம் அது. முழுகாமலிருக்கும் பெண் தானாக வாய் திறக்கும்வரை பிறர் கேட்பதில்லை.

ஆனால் அந்தப் பெண் இறங்கிப் போகுமிடம் தாய்வீடு அன்று, தொழிற்கூடம். அங்கே மூட்டை தூக்க வேண்டியிருக்கும். சூளையருகே நிற்க வேண்டியிருக்கும். தூசியை மூச்சில் இழுக்க வேண்டியிருக்கும். அங்கும் 'பித்தம்' என்று சொல்லிக்கொண்டே எத்தனை நாள் கழிப்பது? சொன்னால் வேலைக்கு ஊறு வருமோ? சொல்லாவிட்டால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஊறு வருமோ? இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையில் இன்று எத்தனையோ இளந்தாய்மார்கள் தனியே நின்று தவிக்கின்றனர். அவர்களுக்கும், அவர்களுடைய கணவன்மாருக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் பொருட்டு இப்பொருளை இம்மாதம் எடுத்துக்கொண்டோம்.

மௌனத்தின் காரணங்கள்

பெண்கள் ஏன் மறைக்கிறார்கள்? அறியாமையால் என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. அந்த மௌனத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, இழப்பைப் பற்றிய அச்சம். கருவுற்றது தெரிந்தபின் கரு கலைந்துபோவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்வரை நேரிடுகிறது என்றும், அவற்றுள் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள்ளேயே நிகழ்கின்றன என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். மூன்று மாதம் கழியட்டும், பிறகு ஊரார்க்குச் சொல்லலாம் என்று நம் பாட்டிமார் சொன்னது கண்ணேறுக்கு அஞ்சி மட்டுமன்று. நான்கு பேரிடம் மகிழ்ச்சியோடு சொன்ன செய்தியைப் பின்னர் அதே நான்கு பேரிடம் கண்ணீரோடு திரும்பச் சொல்ல நேர்வது எத்தகைய வேதனை என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, நாணம். மேற்பார்வையாளர் ஆடவராக இருப்பார். வயதிலும் மூத்தவராக இருப்பார். அவர்முன் நின்று இதை எப்படிச் சொல்வது? தன் தந்தையிடமே தாய் மூலமாகச் சொல்லியனுப்பிய பெண்ணல்லவா அவள்!

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, பிழைப்பைப் பற்றிய அச்சம். 'கருவுற்றவளா? இனி எங்கே ஒழுங்காக வேலைக்கு வரப்போகிறாள்!' என்று முதலாளி எண்ணிவிட்டால்? நிலைப்படுத்த வேண்டிய வேலையை நிலைப்படுத்தாமல் விட்டுவிட்டால்? இந்த அச்சம் வெறுங்கற்பனையில் பிறந்ததன்று. நம் நாட்டு வழக்குமன்ற ஏடுகளே இதற்குச் சான்று பகர்கின்றன.

ஏடுகள் சொல்லும் கதை

ஏர் இந்தியா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருப்பவர் முதன்முறை கருவுற்ற உடனேயே பணியைவிட்டு விலக வேண்டும் என்று ஒரு விதி ஒருகாலத்தில் இருந்தது. நர்கேஷ் மீர்ஸா என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கில், 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. அதுவரை வேலை பார்த்த அப்பணிப்பெண்களுக்குத் தாய்மைச் செய்தியே வேலை நீக்க ஓலையாக இருந்தது. எப்போது சொல்வது என்ற கேள்வி அவர்களுக்கு எத்துணைக் கொடியதாக இருந்திருக்கும்!

அடுத்த வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நீரா மாத்தூர் என்பவர் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பணியில் சேர்வதற்கு முன் நிரப்பித் தந்த படிவம் ஒன்றிலே மாதவிலக்கு, முந்திய கருவுறுதல்கள் முதலியவற்றைப் பற்றியெல்லாம் கேள்விகள் இருந்தன. மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. தகுதியுள்ளவர் என்ற சான்றும் கிடைத்தது. 1989 செப்டம்பரில் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் பணியமர்த்தப்பட்டார். 1990 சனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த மாதமே அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். கருவுற்றிருந்ததை அவர் படிவத்தில் மறைத்துவிட்டார் என்பது நிர்வாகத்தின் வாதம்.

உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. நீரா மாத்தூர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். அத்தோடு நில்லாமல், ஒரு பெண்ணின் நாணத்தையும் தன்மதிப்பையும் புண்படுத்தும் அத்தகைய கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கிவிடுவது நல்லது என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தனர். அத்தீர்ப்பினின்று நாம் தெளியும் உண்மை இது: கருவுற்ற செய்தி முதன்முதல் அப்பெண்ணுக்கே உரியது, வேலை தருகிறவர் அதைத் துருவித் துருவிக் கேட்கும் உரிமை படைத்தவரல்லர்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று மாதத்திற்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' எனக் கருதப்படுவர், குழந்தை பிறந்து நான்கு மாதத்திற்குள்ளே சேரலாம் என்ற வகையில் பாரத ஸ்டேட் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்ததும், நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2022 சனவரி இறுதியில் அதை நிறுத்தி வைத்ததும் அண்மைக்கால நிகழ்ச்சிகளே. பெரிய வங்கியிலேயே இந்நிலை என்றால், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு தொழிற்கூடத்துப் பெண் அஞ்சுவதில் வியப்பென்ன?

குழந்தை காத்திருப்பதில்லை

ஆகவே மறைப்பதே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் மற்றோர் உண்மை குறுக்கே வந்து நிற்கிறது.

தாய் தன் நிலையை உணர்ந்து தெளிவதற்கே பல வாரங்கள் ஆகிவிடுகின்றன. அதற்குள் கருவிலே இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மூளை, முதுகெலும்பு, கை கால்கள் ஆகிய முக்கிய உறுப்புகளெல்லாம் முதல் மூன்று மாதங்களிலேயே உருப்பெறுகின்றன. நஞ்சோ, கடும் வெப்பமோ மிகுந்த தீங்கு செய்யக்கூடிய காலமும் இதுவே. நாம் செய்தியை மறைத்து வைக்க விரும்பும் மாதங்களும், குழந்தை நம் பாதுகாப்பை மிகுதியாக வேண்டி நிற்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இச்சிக்கல் முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். மின்காப்புப் பொருள்களும் பொம்மைகளும் செய்யும் கூடங்கள் இங்கே உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. அத்தொழிலோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம். பீங்கானுக்குப் பளபளப்பூட்டும் மேற்பூச்சில், அதாவது 'கிளேஸ்' என்று தொழிலாளர் சொல்லும் பூச்சில், ஈயம் கலப்பது உலகெங்கும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் அப்பூச்சு வேலையில் ஈடுபட்ட பெண்கள் பலர் ஈய நஞ்சால் தாக்கப்பட்டார்கள். கருச்சிதைவுக்கும், குழந்தை இறந்து பிறப்பதற்கும் ஆளானார்கள். 1898இல் அந்நாட்டு அரசு இதனை ஆராய அறிஞர்களை அமர்த்தும் அளவுக்கு நிலைமை முற்றியது. தாயின் இரத்தத்திலுள்ள ஈயம் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைகிறது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்று ஈயம் கலவாத பூச்சுகளும் வண்ணங்களும் கிடைக்கின்றன. நம் சகோதரி கையாளும் வண்ணத்தில் ஈயம் உண்டா இல்லையா என்பதை அவள் கேட்டறிய வேண்டும். கேட்பதற்கு அவள் வாய் திறக்க வேண்டுமல்லவா?

வெப்பத்தின் கொடுமையும் அத்தகையதே. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் வேலை செய்யும் ஏறத்தாழ 800 கர்ப்பிணிப் பெண்களை 2017 முதல் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கடும் வெப்பத்தில் உழைத்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன என்பது 2024இல் வெளியான அவ்வாய்வின் முடிவு. சூளையருகே நிற்பவளுக்கு மட்டுமன்று, மங்களூர்ப் பகுதியின் பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் உச்சி வெயிலில் குனிந்து வேலை செய்பவளுக்கும் இச்செய்தி உரியது. பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் அக்கொல்லைக்குள் அவள் நிற்கவே கூடாது.

யாரிடம், எப்போது?

முடிச்சை அவிழ்க்க வழி என்ன? நம் கருத்தில் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. 'எப்போது சொல்வது?' என்று ஒரே ஒரு நாளைத் தேடுகிறோம். ஊரறியச் சொல்வது வேறு. உரியவரிடம் சொல்வது வேறு. 'யாரிடம் எப்போது சொல்வது?' என்று கேட்டால் விடை தானாகவே தெளிகிறது.

நற்செய்தியாளர் லூக்கா தீட்டும் காட்சியை வாசகர்கள் அறிவார்கள். முதுமையில் கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதங்கள் பிறர் கண்ணில் படாதிருந்தார். மரியாவோ வானதூதர் சொன்ன செய்தியைச் சுமந்துகொண்டு மலைநாட்டிலிருந்த அந்த ஒருவரிடம் விரைந்து சென்றார். மறைவாயிருந்தவரும் குற்றம் செய்யவில்லை. விரைந்து போனவரும் நாணம் கெட்டவரல்லர். தக்க ஒருவரிடம் முதலில், பிறரிடம் பின்னர் என்ற முறை அங்கேயே இருக்கிறது.

முதலில் அறிய வேண்டியவர், கணவருக்கும் தாய்க்கும் அடுத்தபடியாக, கிராமச் சுகாதாரச் செவிலியர். நாள் தள்ளிப்போனதும் அவரிடம் சென்று பதிவு செய்துகொள்ள வேண்டும். 'பிக்மி எண்' என்று நம் பெண்கள் சொல்லும் பதிவு எண் இதன் மூலமே கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்படி ஏழைத் தாய்மார்களுக்குத் தவணைகளாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி என்று 2018இல் உயர்த்தப்பட்டது. அதன் முதல் தவணைக்கு 12 வாரங்களுக்குள் பதிவு செய்திருப்பது தேவை. மூன்று மாதம் போகட்டும் என்று செவிலியரிடமும் மறைப்பவள் தன் குழந்தைக்குரிய பாலையும் பழத்தையும் தானே தள்ளிவிடுகிறாள். செவிலியரிடம் சொன்னது முதலாளிக்குச் சொன்னதாகாது. ஆகவே இங்கு அச்சத்திற்கு இடமில்லை.

இரண்டாவதாக, வேலையிடத்தில் ஒருவர். இங்கே வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். ஈயம், இரசாயனம், கதிர்வீச்சு, கடும் வெப்பம், பளுத் தூக்குதல், தொடர்ந்து நிற்றல், இரவு வேலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்குமானால், மூன்று மாதம் என்று காத்திருத்தல் தகாது. உறுதியான அந்த வாரத்திலேயே, வேலையை மாற்றித் தரும் அதிகாரமுள்ள ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் சகோதரிக்கும் இது பொருந்தும்.

மாறாக, வகுப்பறையில் பாடம் சொல்லும் ஆசிரியையும், மேசை முன் அமர்ந்து கணக்கெழுதும் எழுத்தரும் மூன்று மாதம் கழியும்வரை பொறுத்திருப்பதில் தவறில்லை. ஆனால் மசக்கை கடுமையாக இருந்து, அடிக்கடி விடுப்பெடுக்க நேர்ந்தால், 'பொறுப்பில்லாதவள்' என்ற வீண்பழி ஏற்படுவதைவிட உண்மையைச் சொல்லிவிடுவதே மேல்.

மூன்றாவதாக, உடன் பணிபுரிவோர். அவர்களுக்குச் சொல்லும் நாள் முழுக்க முழுக்க அவளுடைய விருப்பம். மூன்றாம் மாதமோ, ஐந்தாம் மாதமோ, வளைகாப்புக்கு அழைக்கும் நாளோ, எதுவாயினும் ஆகுக.

சட்டம் தரும் துணை

பிழைப்பைப் பற்றிய அச்சத்திற்கு மருந்து சட்ட அறிவே. சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்தது, 2017இல் விரிவாக்கப்பட்டது. அதன் விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிற்சாலைகள், தோட்டங்கள், பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

பேறுகாலம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் போதும், உரிமை பிறந்துவிடுகிறது. முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுமுறை உண்டு. அதில் எட்டு வாரங்கள் வரை பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இரு குழந்தைகள் உள்ளவருக்கு அடுத்த பேற்றில் 12 வாரங்கள். குழந்தை பிறந்த பின் ஆறு வாரங்களுக்கு வேலை வாங்குவதே குற்றம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ.யில், சேர்ந்திருப்பவர்களுக்கு இவ்வுதவி அத்திட்டத்தின் மூலம் கிடைக்கும். தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 சூலை முதல் பேறுகால விடுமுறை ஓராண்டாக உயர்த்தப்பட்டுள்ளது.

தினக்கூலிக்காரியாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. டெல்லி மாநகராட்சியில் நாட்கூலிக்கு வேலை செய்த பெண்களின் வழக்கில், அவர்களுக்கும் இவ்வுரிமை உண்டென்று 2000ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்து அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி தொடுத்த வழக்கிலும், பேறுகால விடுமுறை பெண்ணின் மகப்பேற்று உரிமைகளுள் ஒன்று என்று 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் உரைத்துள்ளது.

'எப்போது சொல்வது' என்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? எந்த நாளிலிருந்து விடுமுறை வேண்டும் என்பதைக் குறித்து எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. முன்னரே தர இயலாமற் போயிருந்தால் குழந்தை பிறந்தபின் விரைவில் தரலாம். தரத் தவறியதனால் மட்டும் உதவித் தொகையை இழந்துவிடுவதில்லை. மூன்றாம் மாதத்திற்குள் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் எங்கும் இல்லை.

பேறுகால விடுமுறையில் இருப்பவளை அதன் காரணமாக வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். கருவுற்ற பின் எப்போது நீக்கினாலும், அவளுக்குச் சேர வேண்டிய பேறுகால உதவியை அந்த நீக்கம் பறித்துவிடாது. அவள் தொழிலாளர் துறை அலுவலரிடம் முறையிடலாம்.

ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கடினமான வேலை கொடுக்கலாகாது என்ற விதி, பேறுகாலத்தை ஒட்டிய சுமார் பத்து வாரங்களுக்கே முதன்மையாக அமைந்துள்ளது. அதுவும் 'அவள் கேட்டுக்கொண்டால்' என்ற நிபந்தனையோடு. முதல் மூன்று மாதங்களுக்கு அதே தெளிவுள்ள உறுதிமொழி இல்லை. ஆகவே அந்த மாதங்களில் தாயைக் காப்பது அவளுடைய சொல்லும் முதலாளியின் மனச்சாட்சியுமே.

சொல்லும் முறை

நாணமுள்ள பெண்களுக்கு நேரில் சொல்வதைவிட எழுதித் தருவது எளிது. எழுத்து பின்னர்ச் சான்றாகவும் நிற்கும். இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் கூடத்தில் வண்ணப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். நான் கருவுற்றிருப்பதை மருத்துவர் உறுதி செய்துள்ளார். அதற்கான சான்றின் நகலை இணைத்துள்ளேன். மேற்பூச்சுக் கலவை, சூளைப் பகுதி, பளுத் தூக்குதல் ஆகியவற்றிலிருந்து என்னை விலக்கி, என்னால் இயன்ற வேறு வேலை தருமாறு வேண்டுகிறேன். பேறுகால விடுமுறைக்கான அறிவிப்பை உரிய காலத்தில் தருகிறேன். இச்செய்தியை இப்போதைக்குத் தங்களளவில் வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

கையொப்பமும் தேதியும் இட்டு, ஒரு படியைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். கடைசி வரி முக்கியமானது. நம்பிச் சொல்லப்பட்ட செய்தி என்பதை மேலாளருக்கு அது நினைவூட்டும். உடன்வரக் கூச்சமில்லாத மூத்த தொழிலாளி 'அக்கா' ஒருவர் இருந்தால், அவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதும் நல்லது.

இழப்பு நேர்ந்தால்

பேசக் கூசும் ஒன்றையும் பேசியாக வேண்டும். எவ்வளவு காத்தாலும் சில கருக்கள் நிலைப்பதில்லை. அப்போது, 'நல்ல வேளை, யாருக்கும் சொல்லவில்லை' என்று மறுநாளே வேலைக்கு ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள். உடல் ஆறுவதற்கு முன்னே, மனம் அழுவதற்கு முன்னே, மூட்டை தூக்கப் போய்விடுகிறார்கள்.

கருச்சிதைவு நேர்ந்தவளுக்கு, மருத்துவச் சான்று தந்தால், ஆறு வாரங்கள் ஊதியத்துடன் விடுமுறை உண்டு. இதை அறியாதவர்கள் ஏராளம். செய்தியை முன்பே சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாதிருந்தாலும் சரி, இவ்வுரிமை உண்டு. முதலிலேயே செவிலியரிடமும் மருத்துவரிடமும் பதிந்திருந்தால் சான்று பெறுவதும் எளிது. வேலையிடத்தில் ஒருவரேனும் அறிந்திருந்தால், அந்தத் துயர நாட்களில் அவள் பொய்க் காரணம் தேடி அலைய வேண்டியதுமில்லை. ஆறுதல் சொல்ல ஒருவர் இருக்க வேண்டுமென்றால், அறிந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

நம் அனைவரின் கடமை

இதுவரை பெண்ணைப் பார்த்தே பேசினோம். முழுப் பொறுப்பையும் அவள்மேல் சுமத்திவிட்டு நாம் விலகி நிற்பது நியாயமாகாது.

கணவன்மாரே, 'இப்போது சொல்லாதே, சம்பளம் நின்றுவிடும்' என்று சொல்லுமுன், அவள் செய்யும் வேலை என்ன, எங்கே நிற்கிறாள், எதைத் தொடுகிறாள் என்று ஒருமுறை கேட்டறியுங்கள். செவிலியரிடமும் மேலாளரிடமும் அவளுடன் நீங்களும் செல்லுங்கள். மாமியார்மாரே, பேரனோ பேத்தியோ வரும் மகிழ்ச்சியைத் தெருவெல்லாம் சொல்ல ஆவல் எழுவது இயற்கைதான். எனினும் செய்தி மருமகளுக்குரியது. அவள் சொல்லும் நாள்வரை பொறுங்கள்.

உடன் பணிபுரியும் சகோதரிகளே, பேருந்திலே 'பித்தம்' என்றவளைத் துருவாமல் விட்டீர்களே, அதே நாகரிகத்தை வேலையிடத்திலும் காட்டுங்கள். அவள் கையிலிருக்கும் பளுவை வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

வேலை தருகின்ற பெரியோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பணியில் சேரும் நாளிலேயே பேறுகால உரிமைகளை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் விதிக்கப்பட்டது. அத்தாளைப் பெண்ணின் கையில் கொடுத்து, 'அம்மா, அந்த நாள் வரும்போது தயங்காமல் சொல், உன் வேலை உனக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் நம் திருச்சபை நிறுவனங்கள் இதில் பிறருக்கு முன்மாதிரியாக இருக்கக் கடமைப்பட்டவை. அங்கே ஓர் ஆசிரியையோ, ஒரு செவிலியரோ, ஒரு சமையற்காரியோ தன் தாய்மையை அச்சத்தோடு மறைக்க நேருமானால், தலைகுனிய வேண்டியது அவளன்று.

மறைப்பதா, உரைப்பதா என்று தொடங்கினோம். அச்சத்தினால் மறைப்பதும், கட்டாயத்தினால் உரைப்பதும் இரண்டுமே வேண்டா. குழந்தைக்குத் தீங்கு வரக்கூடிய வேலையென்றால் உடனே, உரிய ஒருவரிடம்; மற்றவர்க்கு, அவள் மனம் விரும்பும் நாளில். இதுவே நாம் காணும் வழி.

அந்தக் காலைப் பேருந்து நாளையும் வரும். வண்ணம் தீட்டும் அப்பெண் நாளையும் அதில் ஏறுவாள். தொழிற்கூடத்து வாயிலில் இறங்கும்போது, 'ஐயா, ஒரு செய்தி சொல்ல வேண்டும்' என்று தொடங்கும் துணிவு அவளுக்கும், 'சொல்லம்மா' என்று அமைதியாகக் கேட்கும் பண்பு அவருக்கும் வாய்க்குமானால், அவள் வயிற்றிலிருக்கும் அச்சிறு உயிருக்கு இவ்வுலகம் தரும் முதல் வரவேற்பு அதுவாகவே இருக்கும்.